சுமை எங்கே இறங்குகிறது?

பிப்ரவரியில் தொடங்கி மே வரை, கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் இரவெல்லாம் ஆள் நடமாட்டம் ஓயாது. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்புகிறார்கள். கையில் மூங்கில் தடி. அதை அடிவாரத்தில் வாங்கும்போது உயரம் பார்க்கிறார்கள், பிடித்துப் பார்க்கிறார்கள், தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். முதுகில் தொங்குவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அலுவலக லேப்டாப் பை, தம்பியின் கல்லூரிப் பை, ஏதோ கருத்தரங்கில் இலவசமாகக் கொடுத்த பை, சிலரிடம் ஜவுளிக்கடைத் துணிப்பை. பாதி மலை ஏறுவதற்குள் ஒரு காட்சி தவறாமல் தென்படும். நடப்பவர் இரண்டு கட்டை விரல்களையும் தோள்வாருக்கு அடியில் நுழைத்து, பையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி நடப்பார்.

அந்தக் கட்டை விரல்கள் செய்வது ஒரு பொறியியல் திருத்தம். தோளில் இறங்கும் எடையில் கொஞ்சத்தைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. அதாவது, பை செய்திருக்க வேண்டிய வேலையை உடம்பு செய்கிறது.

தோள் சுமை தாங்குவதற்கு ஏற்ற இடமே அல்ல. பார்வைக்குத் தட்டையான பலகை போல இருந்தாலும், காறையெலும்பும் தோள்பட்டை எலும்பும் உடம்போடு பெரும்பாலும் தசைகளால்தான் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தோளின் மேலே எதையாவது தொங்கவிட்டால், அதைத் தாங்குவது எலும்பல்ல. கழுத்திலிருந்து இறங்கும் தசை. அந்தத் தசை மணிக்கணக்கில் விறைத்து நிற்க வேண்டும். அதற்கும் கீழே, காறையெலும்புக்குப் பின்னால், கைக்குப் போகும் நரம்புகளெல்லாம் ஒரு பின்னலாகச் சேர்ந்து கடக்கின்றன. ஒல்லியான வார் அந்த இடத்தில் நெடுநேரம் அழுத்தினால் முதலில் விரல்கள் மரத்துப்போகும். கனத்த மூட்டையோடு நாள்கணக்கில் நடக்கும் படைவீரர்களுக்குக் கையைத் தூக்க முடியாத அளவுக்கு நரம்பு செயலிழந்துபோவதும் உண்டு. மருத்துவ நூல்களில் அதற்கு முதுகுப்பையின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பகல் நடைக்காரருக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்திருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

சுமைக்கு ஏற்ற எலும்பு இடுப்பில் இருக்கிறது. இரு பக்கமும் கையை ஊன்றி நிற்கும்போது உள்ளங்கைக்கு அகப்படுகிற அந்த வளைந்த விளிம்பு, மேலுடம்பின் எடை முழுவதையும் வாங்கிக் கால்களுக்குக் கடத்துகிற வளையத்தின் மேல்பகுதி. அதற்கு மேலே சுற்றிக் கட்டிய பட்டை கீழே நழுவாது. எலும்பே தடுத்து நிறுத்தும். குடத்தை இடுப்பில் வைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பை செய்தவர்களுக்குத்தான் இது புரிய நீண்ட காலம் பிடித்தது.

அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி மெரியம் 1878-ல் ஒரு முதுகுப்பைக்குக் காப்புரிமை வாங்கினார். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் சட்டம் கொண்ட பை அது. நார்வேக்காரர் ஓலே பெர்கன் 1909-ல் முதுகின் வளைவுக்கு ஏற்பச் சட்டம் வைத்த பையைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் படையினர் பெரிய முதுகுப்பையை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் சாதாரண மலையேறிகளின் முதுகுக்கு இது வந்து சேர்ந்தது கலிஃபோர்னியாவின் கிளென்டேலில், 1952-ல். டிக் கெல்ட்டி என்ற தச்சர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார். அவருடைய மனைவி நீனா பைகளைத் தைத்தார். போர் முடிந்து மிச்சமான விமான அலுமினியமும் நைலானும் அப்போது மலிவாகக் கிடைத்தன. சட்டத்தின் கீழ் முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிக்கொண்டு நடந்தபோது தோள் சட்டென்று லேசானதை அவர் கவனித்தார் என்பது மலையேறிகள் நடுவே அடிக்கடி சொல்லப்படும் கதை. அதிலிருந்து இடுப்புவார் வந்தது. 1967-ல் கிரெக் லோவ் சட்டத்தைப் பைக்கு உள்ளே கொண்டுபோய் ஒளித்தார். இன்று கடையில் தொங்கும் முதுகுப்பைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நல்ல இடுப்புவார் சுமையில் எண்பது சதவீதத்தை இடுப்புக்கு இறக்கிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வது வழக்கம். அமெரிக்கப் படையின் ஆய்வாளர்கள் மைக்கேல் லாஃபியாண்ட்ராவும் எவரெட் ஹார்மனும் வீரர்களின் பையில் உணர்கருவிகளைப் பொருத்தி அளந்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பையின் செங்குத்து விசையில் கீழ்முதுகும் இடுப்பும் வாங்கியது ஏறக்குறைய 30 சதவீதம்தான். எடையைக் கூட்டினாலும் அந்தப் பங்கு பெரிதாக மாறவில்லை. அது படைப் பை, அந்தப் பையின் வடிவம் வேறு என்று வாதிடலாம். ஆனாலும் இடுப்புவார் இருந்தால் தோள் விடுதலை ஆகிவிடும் என்று நம்புவதற்கில்லை. முப்பது சதவீதமே கழுத்துக்குப் பெரிய ஆறுதல்; அதற்கு மேல் கிடைப்பது பை எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது.

பொருத்தம் என்பது ஒரே ஓர் அளவில் அடங்கியிருக்கிறது. அந்த அளவைத் தெரிந்துகொள்ளாமலேதான் நம் ஊரில் பெரும்பாலோர் பை வாங்குகிறார்கள்.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கட்டை விரல்கள் பின்பக்கம் பார்க்கும்படி வைத்தால், இரு விரல்களையும் இணைக்கும் கற்பனைக் கோடு முதுகெலும்பைக் கடக்கும் இடம் இரண்டாவது புள்ளி. வீட்டில் ஒருவரைத் தையல்காரரின் நாடாவை முதுகெலும்போடு ஒட்டினாற்போல் இறக்கி அளக்கச் சொன்னால் முடிந்தது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 40 முதல் 53 செ.மீ.க்குள் இருக்கும். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்கக் கூடாது. ஆறடி உயரக்காரருக்குக் கால் நீண்டு முதுகு குட்டையாக இருக்கலாம். ஐந்தடி நான்கு அங்குலக்காரருக்கு முதுகு நீளமாக இருக்கலாம். சட்டைக்குத் தோள் அளவு எடுக்காமல் யாரும் துணி வெட்டுவதில்லை. பைக்கு மட்டும் லிட்டர் கணக்கே போதும் என்று நினைக்கிறோம்.

முதுகைவிட நீளமான பையை மாட்டினால், தோள்வாருக்கும் தோளின் பின்பக்கத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். இடுப்புவார் எலும்பை விட்டு இறங்கி, தொடை மடியும் இடத்தில் உரசும். குட்டையான பையாக இருந்தால் இடுப்புவார் வயிற்றைச் சுற்றி நிற்கும். எலும்பில்லாத இடத்தில் இறுக்கினால் மூச்சுதான் திணறும், சுமை இறங்காது. பட்டையின் அகலத்தில் பாதி இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே, பாதி கீழே என்று உட்கார்ந்தால்தான் சரி. பெண்களுக்கென்று தனியாக வரும் பைகள் நிறத்தில் மட்டும் வேறுபட்டவை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல நிறுவனங்கள் அவற்றில் முதுகு நீளத்தைக் குறைத்து, தோள்வாரை மார்பைச் சுற்றிப் போகும்படி வளைத்து, இடுப்புவாரின் சாய்வை மாற்றியிருக்கின்றன. குட்டை முதுகுள்ள ஆணுக்கும் அதுவே பொருந்தலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் உடைகள் இதில் ஒரு சிக்கலைச் சேர்க்கின்றன. இடுப்புவாருக்கு அடியில் தோல் பெல்ட்டின் கொக்கி, சுடிதார் நாடாவின் முடிச்சு, வேட்டியின் சுருட்டு, பாக்கெட்டில் சாவிக்கொத்து என்று எது இருந்தாலும், இரண்டு மணி நேரத்தில் அது தோலில் தன் வடிவத்தைப் பதித்துவிடும். எலாஸ்டிக் இடுப்புள்ள காலுடையே மலைக்கு நல்லது.

சுமை தூக்குவதில் மனித உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆராய்ந்தவர்கள் முதுகுப்பைக்காரர்களை விட்டுவிட்டு, பையே இல்லாதவர்களைத் தேடிப் போனார்கள். 1986-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்தபோது, வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதலாக அவர்கள் ஆக்சிஜன் செலவழிக்கவே இல்லை. நடை ஓர் ஊசலைப் போன்றது. ஒவ்வொரு அடியிலும் உடம்பு மேலேறும்போது சேர்கிற ஆற்றலில் ஒரு பகுதி அடுத்த அடிக்குத் திரும்பக் கிடைக்கிறது. அந்தப் பெண்கள் சுமையோடு நடக்கும்போது இந்தத் திரும்பக் கிடைப்பது இன்னும் கூடுகிறது என்று நார்மன் ஹெக்லண்டும் கூட்டாளிகளும் 1995-ல் விளக்கினார்கள்.

அதே ஹெக்லண்டின் குழு பிறகு நேபாளத்துக்குப் போனது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் பக்கமிருந்து எவரெஸ்ட் அடிவாரத்து நாம்சே சந்தைக்குச் சரக்கு சுமக்கும் கூலிகள் ஏறத்தாழ 100 கி.மீ. மலைப்பாதையை ஏழு முதல் ஒன்பது நாளில் கடக்கிறார்கள். 2005-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கணக்கின்படி, ஆண்கள் சராசரியாகச் சுமந்தது தங்கள் உடல் எடையில் 93 சதவீதம். டோகோ என்கிற மூங்கில் கூடை முதுகில். அதன் எடை முழுவதும் நாம்லோ என்கிற பட்டை வழியாக உச்சந்தலையில். கையில் 'டி' வடிவத் தடி. செங்குத்தான ஏற்றத்தில் கால் நிமிடம் நடந்து முக்கால் நிமிடம் நிற்பார்கள்; நிற்கும்போது தடி கூடைக்கு அடியில் போய்விடும். அவர்களுடைய தோளில் எதுவுமே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சும்மாடு வைத்துச் சுமை தூக்கிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கும், இருமுடியைத் தலையில் ஏற்றிச் சபரிமலை ஏறுகிறவர்களுக்கும் இது புதிதல்ல. இருமுடி ஒரு வகையில் நல்ல வடிவமைப்பு. முன்முடியில் ஒரு பங்கு, பின்முடியில் ஒரு பங்கு என்று எடை தலையின் இரு பக்கமும் சமன் ஆகிறது. ஆனால் அதனால் தலைச்சுமையே சிறந்தது என்று முடிவுகட்ட முடியாது. தென்னாப்பிரிக்காவின் ஹோசா பெண்களிடம் பின்னாளில் நடந்த ஆய்வுகளில், தலைச்சுமைக்குப் பொதுவாக அப்படியொரு சலுகை தெரியவில்லை. கழுத்து வலிதான் அதிகம் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பழகாத கழுத்துக்கு முதுகுப்பையே சரி.

முதுகில் மாட்டிய உடனே இன்னொரு கணக்கு தொடங்குகிறது. பின்னால் தொங்கும் எடை உடம்பைப் பின்னுக்கு இழுக்கும். விழாமலிருக்க நடப்பவர் முன்னுக்குச் சாய்வார். இழுப்பு எடையை மட்டும் பொறுத்ததல்ல, முதுகிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. எடைமையம் முதுகிலிருந்து 12 செ.மீ. தள்ளியிருக்கும் பையில், அது இன்னும் 3 செ.மீ. விலகினால் பின்னிழுப்பு கால் பங்கு கூடிவிடும். உள்ளே இருக்கும் பொருளில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆகவே தடித்து உருண்டு நிற்கும் பையைவிட, உயர்ந்து ஒல்லியாக முதுகோடு ஒட்டி நிற்கும் பை நல்லது. பக்கவாட்டில் இருக்கும் இறுக்குநாடாக்கள் அலங்காரத்துக்கல்ல. தண்ணீர் தீரத் தீர அவற்றை இழுத்துப் பையை ஒடுக்க வேண்டும். தண்ணீர் மாதிரிக் கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் நடுவே வரும் உயரத்தில்; துண்டு, மழைச்சட்டை போன்ற லேசானவை வெளிப்புறம். நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வேண்டுமே என்று தண்ணீர்ப் பாட்டிலை முன்பக்க ஜிப்புக்குள் வைத்துவிடுகிறார்கள்.

நடக்கும்போது இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் ஏறத்தாழ 5 செ.மீ. மேலும் கீழும் போய்வருகிறது. பையும் கூடவே ஏறி இறங்குகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 1,400 அடிகள் என்று வைத்துக்கொண்டால், 12 கி.மீ. நடையில் பையை ஏறத்தாழ 17,000 முறை தூக்கி இறக்கியாகிவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ரோம் இந்த அசைவையே வேலை வாங்கினார். பையைச் சட்டத்திலிருந்து சுருள்வில்லில் தொங்கவிட்டு, அது ஏறி இறங்குவதைக் கொண்டு மின்சாரம் எடுத்தார். 2005-ல் அறிவித்த அளவு, அதிகபட்சம் 7.4 வாட். அடுத்த ஆண்டு மீள்நாடாவில் தொங்கும் பையைச் செய்து, பை கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் மிதக்க, உடம்பு மட்டும் ஏறி இறங்குமாறு காட்டினார். 27 கிலோ சுமக்கும் படைவீரருக்கு அதில் லாபம் உண்டு. ஆறு கிலோ சுமக்கிறவருக்கு அந்த இயந்திரத்தின் எடையே நஷ்டம். பகல் நடைக்காரருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் இவ்வளவுதான்: பை குலுங்கக் கூடாது. மார்புவாரின் வேலையும் அதுவே. அது எடை தாங்குவதில்லை. தோள்வார்கள் வெளிப்பக்கம் நழுவாமல் பிடித்துவைக்கிறது.

ஆறு கிலோ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தண்ணீர் மூன்று லிட்டர், மூன்று கிலோ. சாப்பாடு, நொறுக்குத்தீனி முக்கால் கிலோ. மழைச்சட்டை, டார்ச், முதலுதவி, பவர் பேங்க், துண்டு எல்லாமாக ஒரு கிலோவைத் தாண்டும். பையின் சொந்த எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய. அறுபது கிலோ ஆளுக்கு இது பத்து சதவீதம். பள்ளிப் பைக்கு மத்திய அரசு 2020-ல் வகுத்த வரம்பும் குழந்தையின் எடையில் பத்து சதவீதம்தான்; பகல் நடைக்கும் அதையே வரம்பாக வைத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் அடைக்க 20 முதல் 25 லிட்டர் பை போதும். குளிர் அதிகமுள்ள நீலகிரி, கொடைக்கானல் பக்கம் 28 வரை போகலாம். நாற்பது லிட்டர் பை வாங்கினால் அதையும் நிரப்பிவிடுவோம். காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நம் வழக்கமல்ல.

லிட்டர் கணக்கையும் முழுதாக நம்ப முடியாது. 20 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் கொட்டி, அவற்றின் அளவைக் கணக்கிடுவது ஓர் அமெரிக்கத் தர முறை. எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. வெளியே தொங்கும் வலைப்பையையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு.

எடையைக் குறைக்கிறேன் என்று 300 கிராம் லேசான பைக்கு இரட்டிப்பு விலை கொடுக்கிறவர்கள் ஒரு பழைய ஆய்வை அறிந்திருப்பது நல்லது. 1969-ல் அமெரிக்கப் படைக்காகச் செய்த சோதனையில், காலில் கட்டிய ஒரு கிலோ, உடம்பின் நடுவே வைத்த ஒரு கிலோவைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலைத் தின்றது. பையில் மிச்சம் பிடிப்பதைவிடக் கனமான ஷூவை மாற்றுவது லாபம்.

அடுத்தது வியர்வை. உடம்பில் அதிகம் வியர்க்கும் பகுதிகளில் முதுகும் ஒன்று. பையை ஒட்டி மாட்டினால் அந்த வியர்வை ஆவியாக வழியே இல்லை. ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் 1984-ல் இதற்கு ஒரு வழி கண்டது. வளைந்த சட்டத்தில் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, முதுகு வலையில் மட்டும் படும்படி செய்தது. பைக்கும் முதுகுக்கும் நடுவே காற்று புகும். இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் காற்றுக்கு விட்ட இடைவெளி, எடையை முதுகிலிருந்து தள்ளிவைக்கிறது. முன்சொன்ன பின்னிழுப்புக் கணக்கு உடனே வந்து நிற்கும். தவிர, வளைந்த முதுகுப்பலகை பைக்கு உள்ளே இடத்தைத் தின்னும்; தட்டையான டிபன் பாக்ஸை உள்ளே இறக்கினால் அது கோணலாகத்தான் நிற்கும். பனிமலைக்காரர்கள் இதைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. மார்ச் மாத மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு கிலோ சுமக்கிறவருக்கு வலைமுதுகுதான் சரி என்று தயங்காமல் சொல்லலாம். சுமை எட்டைத் தாண்டினால் ஒட்டி நிற்கும் பைக்கு மாறலாம்.

இனி, உழைப்பு. பையின் சீட்டில் முதலில் கண்ணில் படுவது டெனியர் என்ற எண். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆக, அது நூலின் பருமனைச் சொல்கிறது, பலத்தைச் சொல்வதில்லை. 900 டெனியர் பாலியெஸ்டர் என்று பெருமையாக அச்சிட்ட மலிவுப் பையைவிட 420 டெனியர் நைலான் பாறையில் உரசுவதை அதிகம் தாங்கும். நைலானுக்கும் குறை உண்டு. ஈரத்தில் சற்று வலுவிழக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரில் பாலியெஸ்டரைவிடச் சீக்கிரம் நைந்துபோகும். பகல் நடைக்கு 210 முதல் 420 டெனியர் நைலான் போதும். அடிப்பாகம் மட்டும் தடிப்பாக இருந்தால் நல்லது. பாறையில் 'தொப்'பென்று வைக்கப்படுவது அடிப்பாகம்தானே.

ஆனால் துணி கிழிந்து செத்த பை அபூர்வம். பழைய பைகளைக் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவரிடம் கொடுத்தால், அவர் பார்க்கும் இடங்கள் இரண்டுதான்: தோள்வார் பையோடு சேரும் தையல், ஜிப். ஆகவே கடையில் பையை வெளியே பார்ப்பதைவிட உள்ளே திருப்பிப் பார்க்க வேண்டும். தோள்வாரின் மேல்முனை வெறும் துணியில் ஒரே வரிசைத் தையலில் நிற்கிறதா, அல்லது தடித்த பட்டைத் துண்டுக்கு நடுவே புதைந்து, குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தைத்த பூட்டுத் தையலோடு நிற்கிறதா என்று தெரியும். வாரின் கீழ்முனையில் நாடா பையின் மூலையோடு சேரும் இடத்தில் ஒரு முக்கோணத் துணி வைத்துத் தைத்திருந்தால், தைத்தவருக்கு வேலை தெரியும் என்று பொருள். இழுப்பை அந்த முக்கோணம் நீளமான தையலுக்குப் பரப்பிவிடும். உள்ளே துணியின் வெட்டு விளிம்பு நூல் பிரிந்து தொங்கினால் அந்தப் பையை மறுபடி கொக்கியில் மாட்டிவிடலாம். நல்ல பையில் அந்த விளிம்பு நாடாவுக்குள் மடித்துத் தைக்கப்பட்டிருக்கும்.

ஜிப் கதை வேறு. பல் போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் போவது ரன்னர். மண்ணும் மணலும் புகுந்து தேய்த்துத் தேய்த்து ரன்னரின் வாய் விரிந்துவிடும். அது கடந்துபோன பின் ஜிப் பின்னாலேயே திறந்துகொள்ளும். பழைய கைக்காரர் குறடால் ரன்னரின் இரு பக்கமும் லேசாக ஓர் அழுத்து அழுத்தித் தருவார். இன்னும் சில மாதம் ஓடும். பிறகு ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். ஜிப்பின் எண், மூடிய பல்வரிசையின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்லும். பெரிய வாயிலுக்கு 8 அல்லது 10, சின்னப் பைக்கு 5 இருந்தால் நிம்மதி. ரன்னரில் ஒய்கேகே என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், 1934-ல் தடாவோ யோஷிதா ஜப்பானில் தொடங்கிய நிறுவனத்தின் ஜிப் அது. பையில் மற்றவற்றிலும் கஞ்சத்தனம் செய்திருக்க மாட்டார்கள் என்பதற்கு அது ஓர் அறிகுறி, உறுதிமொழி அல்ல.

நம் கடற்கரை ஊர்களில் பையைக் கொல்லும் மூன்றாவது எதிரி ஒன்று இருக்கிறது. ஓராண்டு பரணில் கிடந்த பையை இறக்கினால் உள்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். வெள்ளைச் செதில்கள் உதிரும். புளித்த வாடை வரும். துணியின் உள்பக்கம் தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தாலும் சூட்டாலும் மூலக்கூறு மூலக்கூறாக அறுபட்டுப்போவதன் விளைவு அது. பையை உபயோகிக்காமல் பத்திரப்படுத்தியதே அதைக் கெடுத்திருக்கும். நடந்து வந்ததும் வியர்வையைத் தண்ணீரில் அலசி, ஜிப்புகளைத் திறந்து, நிழலில் தொங்கவிட்டு நன்றாக உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் மாட்டிவைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. வாஷிங் மெஷினில் போடக் கூடாது.

மழைக்கு வாட்டர்புரூஃப் பை என்று விற்பதை நம்பித் துணிமணியை உள்ளே வைக்க வேண்டாம். துணி நீர் புகாததாக இருக்கலாம். ஒவ்வொரு தையல் ஊசித் துளையும் ஒரு வாசல். மேலே போர்த்தும் உறை காற்றில் பறக்கும், முதுகு வழியே இறங்கும் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே வைக்கும் சுருட்டி மூடும் நீர்ப்புகாப் பைதான் நம்பகமானது. தமிழ்நாட்டில் 2019 தொடக்கத்திலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடையில் இருப்பதால் கேரி பேக்கில் சுற்றும் பழைய யோசனை மலையில் செல்லாது.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்ட பிறகு, இதுவரை மலை ஏறாதவர்களும் பை தேடிக் கடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகு அளவைத் தாளில் எழுதிக்கொண்டு, மூன்று லிட்டர் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். காலிப் பை எல்லாமே முதுகுக்கு இதமாகத்தான் இருக்கும். தண்ணீரை உள்ளே வைத்து, எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புவார், பிறகு தோள்வார், கடைசியாக மார்புவார் என்ற வரிசையில் இறுக்கி, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கட்டை விரல் தானாகத் தோள்வாருக்கு அடியில் போனால் அந்தப் பை வேண்டாம். பிடித்திருந்தால் வாங்கிய வாரத்திலேயே வீட்டருகே அரைநாள் நடந்து பார்த்துவிடுங்கள்; அதுவரை சீட்டை அறுக்காமல், பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் கடையின் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் குறை தெரிந்துவிடும்.